பென்குயினுக்குச் சொன்ன 'வாங்க'

எங்கள் பக்கத்தில் ஒருவரை விரோதியாக்கிக்கொள்ள அடிதடியெல்லாம் வேண்டாம். அவர் வாசலுக்கு வரும்போது "வாங்க" என்று கேட்காமல் இருந்தால் போதும். கேட்பது என்றுதான் நாங்கள் சொல்லுவோம். "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த உறவு இருபது வருஷத்துக்குத் தலை தூக்காது. குன்னத்தூரில் எங்கள் பங்காளி வீட்டுச் சீருக்குக் கொமரலிங்கத்திலிருந்து தாய்மாமன் தட்டுகளோடு வந்து இறங்கினார். வாசலில் நின்ற இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனுஷன் ஒரு நிமிஷம் நின்றார், தட்டுகளை மறுபடி காரில் ஏற்றினார், வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். பெண்ணுக்குக் கட்ட வேண்டிய புடவையும் அந்தக் காரிலேயே போய்விட்டது.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த நான், என் சம்பந்தியம்மாவை நாலு வருஷமாக "வாங்க" என்று கேட்கவில்லை. மறந்துபோய்ச் செய்தேன் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேச வந்தால் வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.

அவர் எங்கள் பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் செக்கிங் பார்த்தவர். தைத்து வருகிற உருப்படிகளை மேசையில் விரித்துப் போட்டு, ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாவற்றையும் கண்ணாலேயே பிடித்துத் தனியாக எடுத்து வைக்கிற வேலை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். எங்கள் கம்பெனியில் செக்கிங்கும் பேக்கிங்கும் என் பொறுப்பு. அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் கொடுத்த ரேஷன் கார்டு நகலைப் பார்த்தபோதே எனக்கு அது தெரியும். இருந்தாலும் "வா", "போ", "இந்த லாட்டை முடிச்சுப்போட்டு ஊட்டுக்குக் கிளம்பு" என்பதுதான் எங்கள் பேச்சு. கொங்கு நாட்டில் திருடனைப் பிடித்தாலும் "ஏனுங்க திருடுனீங்க" என்றுதான் கேட்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். திருடனுக்குப் போடுகிற அந்த "ங்க"வை நான் அவருக்கு ஒருநாளும் போட்டதில்லை.

என் மகளும் அவருடைய மகனும் கோயமுத்தூரில் ஒரே காலேஜில் படித்தார்கள். அதற்கு மேல் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவில் வேலை வாங்கிக்கொண்டு, பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஊரில் ஒரு வரவேற்பு வைத்தார்கள். என் வீட்டுக்காரர் இரண்டே நாளில் சமாதானமாகிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. ஜாதி, வேதம், வசதி என்று ஊர் மூன்று காரணம் சொல்லியது. மூன்றும் எனக்குள் இருந்தன, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மூன்றைவிடப் பெரிதாக ஒன்று நாக்கில் உட்கார்ந்திருந்தது. நேற்றுவரை "வா" என்று கூப்பிட்டவரை இன்றைக்கு எப்படி "வாங்க" என்று கேட்பது? நேற்றுவரை சொன்ன "வா" தப்பு என்று ஒத்துக்கொண்டதாக ஆகாதா?

வரவேற்பில் அவர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். நான் போனை எடுத்துக் காதில் வைத்து, யாரும் கூப்பிடாத அழைப்புக்கு "சொல்லுங்க" என்று பேசிக்கொண்டே மண்டபத்துக்கு வெளியே போய்விட்டேன். அதன் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஸ்கூட்டியில் ஏழு நிமிஷம். நாலு வருஷத்தில் ஒருநாள்கூட நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

போன கார்த்திகையில் மெல்போர்னில் மகளும் மாப்பிள்ளையும் வீடு வாங்கினார்கள். பால் காய்ச்ச இரண்டு அம்மாக்களும் வர வேண்டும் என்று டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு ஏற்றுமதி நெருக்கடி, வரவில்லை. சம்பந்தியம்மா ஒரு வாரம் முன்னாலேயே போய்விட்டார். நான் போய் இறங்கி அந்தப் புது வீட்டு வாசல்படியில் கால் வைத்தபோது, உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து, "வாங்க சம்மந்தி, வாங்க" என்றார். எனக்கு வந்தது ஒரு "ம்". அதையும் என் பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மறுநாள் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "சித்திரையில ரெண்டு பேரும் ஊருக்கு வர்றோம்மா. ஆனா எங்க அத்தைய வாங்கன்னு கேக்காத ஊட்டுக்கு நானும் வரமாட்டேன். ஓட்டல்ல ரூம் போட்டுக்கறேன்."

கத்தியிருந்தால் நானும் நாலு கத்து கத்தி முடித்திருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது நன்றாக வரும். அவள் சட்டைக் கையை இழுத்து மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னதற்கு நான் என்ன கத்துவது? கல்யாணத்துக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. ஒரு வாரமாவது வந்து இருந்துவிட்டுப் போக மாட்டாளா என்று நான் ஏங்கிக் கிடக்கிறேன், அவள் என்னடா என்றால் ஓட்டல் என்கிறாள். பெற்ற பெண் சொந்த ஊரில் ஓட்டலில் தங்கினால் நான் எந்த முகத்தோடு காதர்பேட்டைக் கடைவீதிப் பக்கம் நடமாடுவது?

சரி, கேட்டுவிடுவோம் என்றுதான் முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நான் போவதற்கு முன்னாலேயே வீட்டுக்குள் இருப்பவரை எங்கேயிருந்து எங்கே "வாங்க" என்பது? அது போக, நம் மொழியில் மரியாதையும் கொடுக்காமல் மரியாதைக் குறைவும் இல்லாமல் பேச ஏகப்பட்ட வசதி இருக்கிறது. அந்தப் பத்து நாளில் அத்தனையையும் பயன்படுத்திவிட்டேன். "சாப்பாடு ஆச்சா?" "குளிச்சாச்சா?" "காபி மேசை மேல இருக்குது." "தூக்கம் வந்துச்சா?" யாரிடம் சொல்கிறேன் என்று சுவருக்கே சந்தேகம் வரும். சம்பந்தியம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. "ஆச்சு." "இல்ல." "பாத்தேன்." "வந்துச்சு." இப்படியே இருவரும் ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் காலம் தள்ளினோம்.

பதினோராம் நாள் மகள் பென்குயின் பார்க்கப் போகலாம் என்றாள். மெல்போர்னிலிருந்து இரண்டு மணி நேரம் காரில் போனால் ஒரு தீவு. அங்கே இருட்டுகிற நேரத்தில் கடலிலிருந்து பென்குயின்கள் கூட்டம் கூட்டமாகக் கரையேறி, மணலில் நடந்து, மேட்டில் இருக்கும் வளைகளுக்குப் போகுமாம். கூட ஒரு கைடு வந்து எல்லாவற்றையும் காட்டுவாராம். எனக்குத் தெரிந்த பென்குயின் எல்லாம் நாங்கள் குழந்தைகள் இரவு உடுப்பில் பிரிண்ட் போட்ட பென்குயின்தான். லட்சக்கணக்கில் போட்டிருக்கிறோம், கழுத்தில் சிவப்பு மஃப்ளரோடு.

காரில் போகும்போது மகள் விஷயத்தைச் சொன்னாள். முன்வரிசையில் கைடோடு உட்கார இரண்டு டிக்கெட்தான் கிடைத்ததாம். அதனால் அம்மாக்கள் இரண்டு பேரும் முன்னால், அவளும் மாப்பிள்ளையும் பின்னால் மேடையில். பொய் சொல்லும்போது என் மகள் மூக்கைச் சொறிவாள். சொறிந்தாள்.

அங்கே டிசம்பர் மாதம் கோடை என்கிறார்கள். அந்தக் கோடையை நம்பிப் போனால் காற்று எலும்பைத் தேடி வருகிறது. நான் புடவைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் மாப்பிள்ளையின் ஜெர்கின், காலில் மகளின் ஷூ. சம்பந்தியம்மா இதே வரிசைக்கு மேல் ஒரு குரங்குக் குல்லாயும் போட்டிருந்தார். கண்ணாடிக் கதவில் எங்களைப் பார்த்தேன். ஏற்றுமதிக்கு டேப் ஒட்டி நிறுத்திய இரண்டு அட்டைப் பெட்டிகள்தான். மகள் போர்த்திக்கொள்ள எங்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு கம்பளி. இதுவும் அவள் வேலைதான் என்று எனக்குப் புரிந்தது.

முன்வரிசைக்குப் போவதற்கு முன்னால் மகள் எங்களுக்குப் பாடம் எடுத்தாள். பென்குயின்கள் விடிவதற்கு முன்னால் மீன் தேடிக் கடலுக்குப் போய்விடும். வளைக்குள் குஞ்சுகள் காத்திருக்கும். பகலில் கரையேறினால் கழுகு தூக்கிவிடும் என்று பயம், அதனால் இருட்டினால்தான் வரும். எழுந்து நிற்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது. முக்கியமாக, பேசக் கூடாது. கடைசியாகச் சொன்னதை என்னைப் பார்த்து இரண்டு தடவை சொன்னாள்.

கைடு பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆறடி உயரம், கையில் சிவப்பு வெளிச்சம் வருகிற டார்ச். முன்வரிசையில் உட்கார்ந்த இருபது பேருக்கும் காதில் மாட்ட ஒரு கருவி கொடுத்து, அதில் கிசுகிசுவென்று இங்கிலீஷில் விளக்கம் சொன்னாள். எங்களுக்கு "ஓஷன்" புரிந்தது, "பெங்குவின்" புரிந்தது. மற்றதெல்லாம் காற்றோடு போனது. நாங்கள் தலையாட்டியதைப் பார்த்து அவளுக்கே சந்தேகம் வந்து, எங்கள் முன்னால் குனிந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். இருபது பேரில் எங்களுக்கு மட்டும்தான் அந்தத் தனி உபசாரம்.

எட்டரை மணி ஆகியும் வெளிச்சம் போகவில்லை. எங்கள் ஊரில் அந்நேரத்துக்கு இரவுச் சாப்பாடே முடிந்திருக்கும். எனக்குக் காத்திருப்பது ஆகாது, பிறவிக் குணம். கால் மரத்துப்போய், மூக்கு ஒழுகி, வெறும் கடலை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? பறவை சாயங்காலம் வீடு திரும்புவதைப் பார்க்க யாராவது டிக்கெட் வாங்குவார்களா, எங்கள் ஊர்க் காக்காய் தினமும் இலவசமாகத் திரும்புகிறதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் இருந்தவர் அவர். விழுங்கிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குக் கடல் சாம்பல் நிறமானது. அலை உடைந்து வெள்ளை நுரை கரை நெடுகப் பரவி மறுபடி உள்ளே போயிற்று. இருபது பேரும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தோம். சம்பந்தியம்மா மட்டும் கழுத்தைக் கூட நீட்டவில்லை. மடியில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக நுரையை ஒரே சீராகப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். செக்கிங் மேசையில் துணி ஓடும்போது பார்க்கிற பார்வை அது.

"அந்தா," என்றார் மெதுவாக. "கறை."

நுரையில் கடுகளவு கறுப்பு. கைடு கூட அப்போதுதான் அந்தப் பக்கம் திரும்பினாள். கறுப்பு ஐந்தானது, எட்டானது, பிறகு அலை வடிந்ததும் எழுந்து நின்றது. பென்குயின்கள். நான் ஏமாந்துபோனேன், உண்மையைச் சொல்ல வேண்டும். ஆளுயரம் இல்லாவிட்டாலும் இடுப்புயரமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது முழங்காலுக்குக் கீழே. மூன்று மாசக் குழந்தை சைஸில் தைத்த சட்டை தொளதொளவென்று இருக்கும். முதுகும் கறுப்பில்லை. சிவப்பு டார்ச் வெளிச்சத்தைத் தாண்டிக் கொஞ்சம் அருகில் வந்தபோது பார்த்தால் நல்ல நேவி ப்ளூ.

"நாம கறுப்புல்லா போட்டோம்," என்றார் சம்பந்தியம்மா.

"ஷேடு மாறிப்போச்சு," என்றேன் நான். பதினோரு நாளில் நாங்கள் பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான். அவர் "நாம" என்று சொன்னது எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியும் அந்தப் பிரிண்ட் தப்பில் அவர் பங்கையும் எடுத்துக்கொண்டார்.

வந்த பென்குயின்கள் சுலபத்தில் மேலே வரவில்லை. தண்ணீர் விளிம்பில் கூட்டமாக நிற்கும். முன்னால் நிற்பது இரண்டடி வைக்கும். ஒரு கடற்காக்கை கத்தினால் போதும், எல்லாம் திரும்பி விழுந்தடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடும். மறுபடி வரும், மறுபடி நிற்கும், நீ போ நான் வருகிறேன் என்று ஒன்றை ஒன்று இடிக்கும். கடைசியில் ஏதோ ஒன்றுக்குத் துணிச்சல் வந்து நடக்க ஆரம்பித்ததும் மொத்தமும் பின்னாலேயே தத்தித் தத்தி ஓடிவிடும். அந்த ஓட்டத்தைப் பார்த்தபோது எனக்குக் குளிர் மறந்துவிட்டது. பெல் அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற எங்கள் கம்பெனிப் பெண்களேதான். ஒன்று தடுக்கிக் குப்புற விழுந்து, யாரும் பார்த்தார்களா என்பது போல எழுந்து நின்றது. நானும் சம்பந்தியம்மாவும் கம்பளிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். எப்போது கம்பளிக்குள் அத்தனை நெருங்கி உட்கார்ந்தோம் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டும் இருந்தார். கைடும் கையில் ஒரு சின்னப் புத்தகத்தில் கோடு போட்டு எண்ணினாள். ஒரு கூட்டம் மேலே ஏறி முடிந்ததும் கைடு கோடு போட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினாள். சம்பந்தியம்மா சட்டென்று கையைத் தூக்கினார், கம்பெனியில் சூப்பர்வைசரைக் கூப்பிடுவது போல. கைடு குனிந்து வந்தாள்.

"மேடம், பேலன்ஸ் ஒன் பீஸ்," என்றார்.

கைடு விழித்தாள். சம்பந்தியம்மா விரலால் காட்டினார். தூரத்தில், இருட்டுக்கும் நுரைக்கும் நடுவில், ஒற்றைப் பென்குயின் நின்றுகொண்டிருந்தது. கைடு பார்த்தாள், புத்தகத்தைத் திறந்து திருத்தினாள், சம்பந்தியம்மாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். எனக்கு ஒரே பெருமை. எங்கள் கம்பெனி செக்கிங் என்றால் சும்மாவா என்று பக்கத்து வரிசைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு அதில் என்ன பங்கு என்று கேட்காதீர்கள்.

அந்த ஒற்றைப் பென்குயின் பாடுதான் பாவமாக இருந்தது. கூட வந்ததெல்லாம் போய்விட்டன. அது நாலடி வரும், சுற்றிலும் பார்க்கும், நெஞ்சுத் தைரியம் விட்டுப்போய்த் திரும்பி ஓடும். மேட்டிலிருந்து வளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ரம்பம் அறுப்பது போல ஒரு கூவல். வந்து சேர்ந்தவற்றை வீட்டில் இருப்பவை கூப்பிடுகிற சத்தம் அது என்று மகள் சொல்லியிருந்தாள். இதைக் கூப்பிட ஒரு ஆள் இல்லை. மூன்றாவது தடவை அது பாதி மணல் வந்து, எங்களுக்கு நேரே நின்று, திரும்பி ஓடப் பார்த்தது. எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"வாங்க சாமி, வாங்க. பயப்படாம வாங்க," என்று சொல்லிவிட்டேன்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். கம்பெனியில் நாற்பது மிஷின் ஓடும்போது பேசிப் பழகிய குரல். இருபது தலைகள் திரும்பின. கைடு உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பின்னால் மேடையில் என் மகள் தலையில் கை வைத்திருப்பாள் என்று பார்க்காமலே தெரிந்தது. பென்குயின் மட்டும் ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு ஒரே ஓட்டமாக மணலைத் தாண்டி மேட்டில் ஏறிப் புல்லுக்குள் மறைந்துவிட்டது. என் குரலுக்குத்தான் வந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். பயந்து ஓடியது என்பது மகளின் கட்சி.

நான் வெட்கத்தில் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். சம்பந்தியம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பென்குயினுக்கெல்லாம் 'ங்க' போடுதிய. எனக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்கு?"

கோபம் இல்லை, குத்தல் இல்லை. தையல் விட்ட சட்டையைத் தூக்கி, இந்த இடம்தான் என்று காட்டும்போது அவர் பேசுகிற அதே குரல். பதினோரு வருஷத்தில் அந்தக் குரலுக்கு நான் ஒருதடவை கூட மறுப்புச் சொன்னதில்லை, ஏனென்றால் அவர் காட்டினால் அங்கே தப்பு இருக்கும். இப்போதும் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்றுதான் காரணம் என்று சொல்லலாம், ஆனால் சொல்லத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. முட்டி உயரம் இல்லாத ஒரு பறவையை, அதன் ஊரில், அதன் மணலில் வரவேற்க எனக்கு நாக்கு புரண்டது. என் மகளைத் தன் பெண்ணாகவே நினைத்துக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்க்கிறவரை வரவேற்கப் புரளவில்லை.

அதற்கப்புறம் வந்த பென்குயின்களை நான் சரியாகப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து கைடு எங்களை மரப்பாதையில் மேலே அழைத்துப் போனாள். படிகள் ஈரமாக இருந்தன. நான் இரண்டு படி முன்னால் போய்த் திரும்பினேன். அவர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மகன் வாங்கித் தந்த பெரிய ஷூவோடு தடுமாறிக்கொண்டு வந்தார். கையை நீட்டினேன்.

"பாத்து வாங்க," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வந்துவிட்டது, வாயிலிருந்து வந்தேவிட்டது. என் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் காருக்கு அடியில் பென்குயின் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மாப்பிள்ளை மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே நான் மகளிடம் சொல்லிவிட்டேன், அத்தையை "வாங்க" கேட்டுவிட்டேன், ஓட்டல் ரூமெல்லாம் வேண்டாம் என்று. மகளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அத்தையிடம் திரும்பி அப்படியா என்று கேட்டாள்.

சம்பந்தியம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து குல்லாயைக் கழற்றினார். "அது படியில வழுக்காம பாத்து வரச் சொன்னது," என்றார். "அதுவும் அங்க யாரு கேட்டா? பென்குயினுதான் கேட்டுச்சு. ஊர்ல வச்சுச் சொல்லட்டும்."

மகளும் மாப்பிள்ளையும் சிரித்த சிரிப்பில் கார் பத்து நிமிஷம் கிளம்பவில்லை. நானும் சிரித்தேன். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதன் பிறகு ஓட்டல் பேச்சை அவள் எடுக்கவும் இல்லை, ரூம் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மீதி நாளெல்லாம் நான் சம்பந்தியம்மாவிடம் "ங்க" போட்டுத்தான் பேசினேன். அவரும் பேசினார். பருப்பில் பூண்டு போடுவதா வேண்டாமா என்று ஒருநாள் முழுக்கச் சண்டை கூடப் போட்டோம். ஆனாலும் அந்த ஒன்று பாக்கி நின்றது.

சித்திரையில் வந்தார்கள். சம்பந்தியம்மாவே கோயமுத்தூர் விமான நிலையத்துக்குப் போய் இருவரையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. எங்கள் வீட்டில் என் பக்கத்துச் சொந்தம் பத்துப் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன், அண்ணி, அத்தை வழி ஆட்கள், வாய்க்கு வாய் பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும். எங்கள் வீடும் கம்பெனியும் ஒரே காம்பவுண்டுக்குள்தான், கேட் மட்டும் வேறு வேறு. நான் சந்தனம், குங்குமத்தோடு வீட்டு கேட்டில் பன்னிரண்டு மணியிலிருந்து நின்றேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

டாக்ஸி ஒரு மணிக்கு வந்தது. மகள் இறங்கினாள், மாப்பிள்ளை இறங்கினார். வேறு யாரும் இறங்கவில்லை. டிரைவர் பெட்டிகளை எடுக்கப் போனார், மகள் கொஞ்சம் இருங்கள் என்று அவரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தை அங்க எறங்கிக்கிட்டாங்கம்மா," என்றாள்.

முப்பது அடி தள்ளி, கம்பெனி கேட்டில் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். வரவேற்புக்குக் கட்டிய அதே பட்டுப்புடவை. மதியச் சாப்பாட்டு பெல் அடித்து ஆட்களெல்லாம் வெளியே வருகிற நேரம். செக்கிங் பெண்கள், டெய்லர்கள், வடநாட்டிலிருந்து வந்திருக்கிற பிள்ளைகள் என்று அத்தனை பேரும் அவரைச் சுற்றி நின்று என்ன ஏது என்று பார்க்கிறார்கள். எனக்கு முதலில் சுர்ரென்றது. இங்கே பத்துப் பேர் பார்க்கச் சொல்வதற்கே நான் படாதபாடு பட்டுத் தயாராகியிருக்கிறேன், இவர் இருநூறு பேரைக் கூட்டிவைத்துக்கொண்டு நிற்கிறாரே. திரும்பிப் பார்த்தேன். என் அண்ணி தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் டாக்ஸிக் கதவை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடந்து போனேன். அந்த முப்பது அடி முடிவதாக இல்லை. பக்கத்தில் போய் நின்றதும் தாழ்ந்த குரலில், ஊடு அந்தப் பக்கமுங்க என்றேன்.

"தெரியும்," என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "இந்த வாசல்லதான் பதினோரு வருசம் 'வா'ன்னு சொன்னிய. இங்க வச்சே சொல்லுங்க."

கையைக் கூப்பினேன். மிஷின் ஓடும்போது பேசுகிற குரலில் சொன்னேன்.

"வாங்க சம்மந்தி. ஊட்டுக்கு வாங்க."

அந்தத் தெருவே கேட்டிருக்கும். அவர் "வாரேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்குப் பின்னால், வீட்டு கேட்டில், மகள் டிரைவரிடம் டிக்கியைத் திறந்து பெட்டிகளை இறக்கச் சொன்னாள்.